ஏழு கற்களும் நான் எழுதிய ஒரு பக்கமும்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவக் கட்டுரை வாங்கும் வேலையைச் செயலாளர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் என்னை மூன்று தரம் தொலைபேசியில் பிடித்தார்.

"அக்கா, நீங்கள் அந்தப் பழைய தோட்ட வீட்டில சனத்துக்குச் சுத்திக் காட்டினனீங்கள்தானே? சுவையான கதையள் நிறைய இருக்கும், எழுதித் தாங்கோவன்."

"தம்பி, இருபத்திரண்டு வருசம் நான் ஒரே கதையைத்தான் சொன்னனான். நாற்பது நிமிசக் கதை. ரிக்கெற் எடுத்துப் போனால் நீங்களும் கேக்கலாம்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பகிடியாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன். அதற்குள் போன மாதம் அந்த வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு பகிடி வரவில்லை. ஆகவே அவர் எதிர்பார்த்த கட்டுரை இதுவல்ல. பிரசுரிப்பதும் விடுவதும் அவர் பாடு.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மெல்பனுக்குத் தென்கிழக்கே, டண்டினோங்கையும் தாண்டிப் போனால் வரும். மொரிசியஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் அங்கே விற்றுவிட்டு இங்கே வந்து கட்டியது. மொரிசியஸில் தோட்டக்காரர்கள் வாழ்ந்த மாதிரியே கட்டினார்கள். நிலத்திலிருந்து தூக்கிய மரத்தளம், சுற்றிவரத் திறந்த விறாந்தை, குசினி மட்டும் வீட்டைவிட்டுத் தள்ளித் தனியே. கிரியோல் வீடு என்று அந்தப் பாணிக்குப் பெயர். மெல்பன் குளிரில் திறந்த விறாந்தை எதற்கு என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லைப் போலிருக்கிறது. கரும்பு இங்கே முளைக்காது என்பதையும் நட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகு கோப்பியில் கலக்கிற சிக்கரியைப் போட்டுப் பிழைத்தார்கள்.

வரும்போது மொரிசியஸ் தோட்டத்திலிருந்து ஏழெட்டு வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தமிழர்கள். தமிழ்நாட்டுக் கரையில் ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்துக் கப்பலேறி மொரிசியஸ் போன சனத்தின் பிள்ளைகள். எங்கள் நாற்பது நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு வரி இருந்தது. "குடும்பம் தன் விசுவாசமான வேலையாட்கள் சிலரையும் உடன் அழைத்து வந்தது." அந்த வரியைச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் சாப்பாட்டறைக்குள் போய்விடுவோம்.

நான் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே வந்து முதல் மூன்று வருடம் சிட்னியில், லிட்கமில், ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் தட்டுக் கழுவினேன். பிறகு இவருக்கு, என் கணவருக்கு, மெல்பனில் வேலை கிடைத்து இங்கே மாறினோம். பேப்பரில் விளம்பரம் பார்த்துச் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்து, அடுத்த வருடமே சம்பளத்துக்கு எடுக்கப்பட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்தேன்.

எங்கள் மேலாளர் ஜூடித். ஒல்லியான உயரமான மனுசி, குரலை உயர்த்தியதே இல்லை. பழைய ஆவணங்கள் இருக்கும் காப்பக அறைக்குள் பேனை கொண்டுவரக் கூடாது, பென்சில்தான் என்பது விதி. மை சிந்தினால் போகாது, பென்சிலை அழிக்கலாம். ஜூடித் வெளியிலும் பென்சில்தான் பாவிப்பார். நாங்கள் எழுதிக் கொடுக்கும் எந்தக் கடதாசியும் ஓரத்தில் சின்னச் சின்னக் கேள்விக்குறிகளோடு திரும்பி வரும். "தெரிந்ததைச் சொல்லு. நினைத்ததைச் சொல்லாதே. தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லு, சனம் கோபிக்காது" என்பார். வேலைக்கு இதைவிட நல்ல புத்தி எனக்கு யாரும் சொன்னதில்லை.

என்னைச் சம்பளத்துக்கு எடுக்குமுன் அவர் ஒரு பரீட்சை வைத்தார். வீடு பூட்டியிருக்கும் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ஒவ்வொரு அறையிலும் என்னை ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவிட்டார். பிறகு, "என்ன கண்டாய்?" என்று கேட்டார். நான் கண்டதைச் சொன்னேன். வரவேற்பறைக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் கீறியிருந்ததைக் கண்டேன். படுக்கையறை யன்னல்களுக்கு வெளியே மட்டும் கொக்கி இருந்ததைக் கண்டேன். அதை அவரே கவனித்ததில்லையாம். பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாகக் குசினிக்குப் பின்னால், பெரிய மரமொன்றின் கீழ் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஏழு கற்கள், முழங்காலுக்கும் கீழான உயரம், கிழக்கே பார்த்து ஒரே வரிசையில் நட்டிருந்தன. சற்றுத் தள்ளி, வரிசைக்கு வெளியே, எட்டாவதாகச் சின்னக் கல்லொன்று. வழிகாட்டிப் புத்தகத்தில் "மூலிகைப் பாத்தியின் வரம்புக் கற்கள்" என்று போட்டிருந்தது.

ஐந்து நிமிடம் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் வயற்கரையில் இதே மாதிரி ஏழு கற்கள் இருந்தன. நாச்சிமார் என்போம். தமிழ்நாட்டார் கன்னிமார் என்பார்கள். ஏழு பெண் தெய்வங்கள், தள்ளி நிற்கிற எட்டாவது கல் அவர்களுக்குக் காவல். என் அம்மா அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றாமல் போகமாட்டா. ஆனால் அப்பா தபாலதிபர், நாலு பேர் மதிக்கிற மனிசன். கோபுரமும் ஐயரும் இருக்கிற கோயில்தான் கோயில், கல்லைக் கும்பிடுகிறது கீழ்ச்சாதிச் சனத்தின் வேலை என்று அவர் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம்.

"என்ன காண்கிறாய்?" என்றார் ஜூடித்.

"மூலிகைப் பாத்தி" என்றேன்.

அவர் ஒன்றும் எழுதவில்லை. வேலை கிடைத்துவிட்டது.

வேலை எப்படி நடக்கும் என்று இளம் ஆட்கள் கேட்பதுண்டு. காலையில் சாவிக்கொத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்து, கிழக்கு யன்னல் திரைகளை இறக்கிவிட வேண்டும். வெயில் பட்டால் துணியெல்லாம் வெளிறிவிடும். ஒரு சுற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. பை, குடை, சாப்பாடு, பூ எல்லாம் வாசலில் பூட்டி வைக்கும் பெட்டிக்குள் போகும். பூவில் பூச்சி வரும், பூச்சி வந்தால் நூறு வருடத்துத் துணி மூன்று மாதத்தில் போய்விடும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சனத்தை விடக் கூடாது, எதைக் காட்டினாலும் விரலால் தொடாமல் உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் பின்பக்கமாகவே நடக்கப் பழக வேண்டும், சனத்துக்கு முதுகு காட்டக் கூடாது. நான் வீட்டிலும் சில நாட்களில் அப்படி நடந்து, இவர் என்னைப் பேய் பிடித்தவள் என்றார்.

ஒரு நாள் சுற்று முடிந்த பிறகு வெள்ளைத் தலைமுடிக்காரர் ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார், "அந்த வேலையாட்கள் உங்கள் ஆட்களா?" அவர் கேட்டதில் பிழையில்லை. மண்ணிறத் தோலோடு ஒரு பெண் அந்த வீட்டு வாசலில் நின்றால் யாரும் கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டு, "ஐயோ இல்லை. அவர்கள் இந்தியாவிலிருந்து போன கூலிகள். நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். என் அப்பா தபாலதிபர்" என்றேன். அந்த மனிதர் தலையாட்டினார். யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் என்றும் அவருக்குத் தெரிந்திராது.

கதவருகே நின்ற ஜூடித் அதைக் கேட்டுவிட்டார். மாலையில் என் மேசையில் பென்சிலில் எழுதிய துண்டு ஒன்று கிடந்தது. "அந்தச் சொல்லை இந்த வீட்டில் பாவிக்க வேண்டாம். அவர்கள் மனிதர்கள். தயவுசெய்து." வெள்ளைக்காரி ஒருத்தி எனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. எங்களுக்குள் இருக்கிற வித்தியாசம் அவவுக்கு என்ன தெரியும் என்று இவரிடம் வந்து பொரிந்து தள்ளினேன். சொல்லை மட்டும் விட்டேன்.

பதின்மூன்று வருடம் இப்படியே போனது. அதற்குப் பிறகுதான் திருமதி அப்பாவு வந்தார்.

நோபல் பார்க்கிலும் டண்டினோங்கிலும் மொரிசியஸ்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். சுற்றுக்கும் வருவார்கள், விறாந்தையைக் கண்டால் கிரியோல் மொழியில் ஏதோ சொல்லிச் சந்தோசப்படுவார்கள். திருமதி அப்பாவு தனியாக வந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், கட்டையான உருவம், நீலக் கோட்டு. அப்பாவு தமிழ்ப் பெயர்தான், ஆனால் அவருக்குத் தமிழ் பேச வராது. மொரிசியஸ் தமிழரில் அநேகருக்கு அப்படித்தான். மாரியம்மன், காவடி, கற்பூரம் என்று கோயில் சொற்கள் மட்டும் வாயில் இருக்கும். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார், அதை நான் தமிழில் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. வெள்ளிக் கரண்டிகளுக்கு முன்னால் எல்லாரும் நிற்க, அவர் யன்னலால் பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குப் பின்னால் வந்ததும் கூட்டத்தை விலக்கி முன்னுக்கு வந்தார். விரலை நீட்டிக் கற்களை எண்ணினார். எட்டாவது கல்லைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குனிந்து, சரளைக்கல் மேலே நின்றபடி, சப்பாத்துகளைக் கழற்றினார்.

"தயவுசெய்து சப்பாத்தைப் போடுங்கள், காலில் ஏதாவது குத்திவிடும்" என்றேன்.

அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஏழு செவ்வந்திப் பூக்களை எடுத்தார். வாசலில் பையைத்தான் சோதிப்போம், கோட்டுப் பையைச் சோதிப்பதில்லை.

"பூ அனுமதியில்லை" என்றேன்.

இதை நான் சொல்லத்தான் வேண்டும்: அந்த விதி வீட்டுக்குள்ளே இருக்கும் துணிமணிகளுக்கானது. தோட்டத்தில் பூ கூடாது என்று எந்த மடையனும் விதி எழுதவில்லை. மரமே பூத்துக்கொட்டிக்கொண்டுதான் நின்றது. விதியை வெளியே இழுத்து வந்தவள் நான்.

அவர் என் பெயர்ப் பட்டியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "நீங்கள் தமிழ்தானே? உங்களுக்குத் தெரியும் இது என்ன என்று. இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். தன் கொள்ளுப்பாட்டிக்கும் முந்தியவள் ஒருத்தி இங்கே சமைத்தவளாம். ஒப்பந்தம் முடிந்து மொரிசியஸுக்குத் திரும்பிப் போய், அந்தத் தூர தேசத்தில் குசினிக்குப் பின்னால் ஏழு தாய்மாரையும் காவலையும் வைத்துவிட்டு வந்தேன், யாராவது போனால் ஒரு பூ வையுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னாளாம். அது தாய் வழியாக வாய்க்கு வாய் வந்து இவருடைய அம்மா வரைக்கும் வந்திருக்கிறது.

பதினான்கு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எங்கள் பதிவுகளின்படி இது மூலிகைப் பாத்தியின் வரம்பு" என்று சொல்லி, உள்ளங்கையை விரித்துக் காட்டி, கூட்டத்தைக் குதிரை லாயத்துப் பக்கம் நடத்தினேன். அவர் கையில் பூவோடும் மற்றக் கையில் சப்பாத்தோடும் பின்னால் வந்தார்.

இரண்டு கிழமைக்குள் அவருடைய கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகக் குசினிக்குப் பின்னால் ஒரு பாதை போடத் திட்டமிருந்தது. பாதை கற்கள் இருந்த இடத்தால் போகிறது. கொஞ்சம் வளைத்தால் கற்களுக்கு ஒன்றும் ஆகாது. வளைக்கக் காரணம் வேண்டும், காரணம் எழுத்தில் வேண்டும். வழிபாட்டுப் பொருள் என்று யாராவது சொன்னால், அந்தச் சமயத்தைச் சேர்ந்த, விசயம் தெரிந்த ஒருவரிடம் ஒரு பக்க வாக்குமூலம் வாங்கிக் கோப்பில் போடுவது ஜூடித்தின் முறை.

அவர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, வெறும் படிவத்தைத் தந்தார்.

"நான் உன்னைக் கேட்பது சரியோ தெரியவில்லை. நீ இங்கே வேலை செய்கிறவள். ஆனால் நீ தமிழ், நீ இந்து, பதின்மூன்று வருடமாக அந்தக் கற்களைப் பார்க்கிறாய். என்னைச் சந்தோசப்படுத்த எழுதாதே. இது வழிபாட்டுக்குரியது என்று நீ எழுதினால் பாதையை வளைப்பேன், சுற்றில் அந்தக் கதையைச் சேர்ப்போம். நீதான் அதைச் சொல்ல வேண்டியவளாயும் இருப்பாய். ஒரு கிழமை எடுத்துக்கொள்" என்றார்.

ஆக, என்னை யாரும் நெருக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் எனக்கில்லை. இதை எழுதும்போது கூட ஏதாவது சாட்டுக் கிடைக்குமா என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இவரிடம் சொன்னேன்.

"அது நாச்சிமார்தான். எனக்கு வடிவாத் தெரியும்."

"தெரிஞ்சால்? உமக்கென்ன விசரே? எழுதிக் குடுத்தால் நாளைக்கு ஆர் அந்தக் கதையைச் சொல்லுறது?"

"நான்தான்."

"அப்ப அந்தத் தோட்டக்காட்டுச் சனத்தோட உம்மையும் சேர்த்து ஒரு படம் எடுத்துச் சுவரில கொழுவுவினம். பேப்பரில போடுவினம். நாங்கள் ஆர், அவை ஆர்? கோயிலுக்குப் போனால் நாலு பேர் என்ன கேப்பினம்?"

"ஓம்" என்றேன். அவர் மேல் பழியைப் போட இதை எழுதவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார், எனக்குள்ளே அது ஏற்கெனவே இருந்தது. சனம் என்னைப் பார்த்து, "ஓ, இது உங்கள் கதையா?" என்று கேட்கும், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். அதைத் தாங்க எனக்கு மனமில்லை.

எழுதினேன். ஆங்கிலத்தில் ஒன்பது வரி. "தமிழ் இந்துக்களின் வழிபாட்டு முறைகளை நன்கறிந்தவள் என்ற முறையில், இக்கற்கள் வழிபாட்டுக்குரியவை என்பதற்கான அடையாளம் எதையும் நான் காணவில்லை. எண்ணெய், குங்குமம், செதுக்கல் எதுவும் இல்லை. வீட்டுத் தோட்ட வரம்பு என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது." நூறு வருடத்துக்கு மேல் மழையில் நனைந்த கல்லில் எண்ணெயும் குங்குமமும் தேடியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான், அதுவும் நல்ல ஆங்கிலத்தில்.

ஜூடித் இரண்டு தரம் வாசித்தார். ஓரத்தில் கேள்விக்குறி போடவில்லை. "நிச்சயமாகவா?" என்றார்.

"நிச்சயம்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. கோப்பில் வைத்தார். திருமதி அப்பாவுவுக்கு மரியாதையான பதிலொன்றும், என் வாக்குமூலத்தின் பிரதியும் போயின. பிரதியில் என் பெயர் இல்லை. "தமிழ் இந்து சமயத்தை அறிந்த ஒருவர்" என்று மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. புதன்கிழமை நான் வேலைக்குப் போனபோது பாதைக்குக் கல்நொறுக்கு கொட்டியிருந்தது. ஏழில் இரண்டு உடைந்து அதோடு போய்விட்டன. காவல் கல்லைக் காணவில்லை. மிச்சம் ஐந்தையும் தோட்டக்காரர் வீணாக்காமல் தண்ணீர்க் குழாயடியில் சேறு மிதிக்காமலிருக்கப் படுக்கப் போட்டிருந்தார். நல்ல மனிசன், சனத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், நான் ஓய்வு பெறும் வரைக்கும், வெயில் காலத்தில் சனம் போத்தலில் தண்ணீர் பிடிக்க அந்தக் கற்களில் ஏறி நிற்பதைப் பார்த்தேன். நான் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்ததில்லை. அந்த மட்டுக்குத்தான் என் பக்தி.

ஜூடித் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். பிறகு இறந்தும் போனார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பல செவ்வாய்க்கிழமைகள் இருந்தன.

போன மாதம் வந்த தொலைபேசி அழைப்பு வித்யாவினுடையது. வித்யா திருச்சிப் பக்கத்துப் பெண், அந்த வீட்டின் காப்பகப் பொறுப்பு இப்போது அவரிடம். சுற்றையே முழுக்க மாற்றி எழுதுகிறார்களாம். வேலையாட்களிலிருந்து தொடங்கப் போகிறார்களாம்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன விஷயம்தான். கிச்சன் பின்னாடி ஏதோ கல்லு இருந்துச்சாமே? ஒரு மொரிசியஸ் அம்மா லெட்டர் போட்டிருக்காங்க. படிச்சா கன்னிமார் மாதிரியே இருக்கு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா அடுத்த பக்கத்துல உங்க ஸ்டேட்மென்ட் இருக்கு. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. அதனால அதைச் சேர்க்க வேணாம்னு விட்டுட்டோம். சும்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமேன்னு..."

"வித்யா, அது பொய்."

"எது ஆன்ட்டி? அந்த அம்மா சொன்னதா?"

"இல்லை. நான் எழுதினது. அது நாச்சிமார். நீங்கள் சொல்லுற கன்னிமார். எனக்கு முதல் நாளே தெரியும்."

"கல்லெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று பிறகு கேட்டார். குழாயடி என்றேன். "ஐயோ, நானே அதுல நின்னிருக்கேன்" என்றார்.

புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதித் தருகிறேன், பழையதைக் கிழித்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"கிழிக்க முடியாது ஆன்ட்டி. ஃபைல்ல போனது போனதுதான். புதுசு பின்னாடி சேரும், ரெண்டும் இருக்கும்." அவர் சொன்னது சரி. அந்த விதியை அவருக்கு முன்பு எத்தனையோ பேருக்குப் படிப்பித்தவள் நான்தான்.

எழுதிக் கொடுத்தேன். அதோடு, திருமதி அப்பாவுவைப் பார்க்க வேண்டும் என்றேன். விலாசம் தர வித்யாவுக்கு அனுமதியில்லை. அவர் அந்த அம்மாவைத் தொடர்புகொண்டு, நான் வர அவருக்குச் சம்மதமா என்று கேட்டு, சம்மதம் கிடைத்ததும் விலாசத்தை எனக்குச் சொன்னார். "அவ்வளவு வருசம் போய்ட்டுது, இப்ப ஏன் கிளறுறீர்?" என்றார் இவர். "போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லி, பஸ்ஸும் ரயிலும் மாறி நோபல் பார்க்கில் இறங்கி நடந்தேன்.

எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். இடுப்புச் சத்திரசிகிச்சை செய்து, தள்ளிக்கொண்டு நடக்கும் சட்டத்தோடு கதவைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டார். அந்தப் பூ விசயத்துக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலும். "அதை நான் அப்போதே மறந்துவிட்டேன், விதி விதிதானே" என்று சிரித்து, ரீ போட்டுத் தந்தார். நான் குடிக்கவில்லை. கதிரை நுனியில் இருந்தபடி, வழியில் நினைத்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"அந்தக் கடிதத்தில் இருந்த, சமயம் அறிந்த ஆள் நான்தான். அந்தக் கற்கள் உங்கள் தாய்மார்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் இல்லை என்று எழுதினேன்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அலுமாரிப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு பெண்ணின் படம், மாலை போட்டு வைத்திருந்தது. அம்மாவா என்று கேட்டேன். இல்லை, அக்கா என்றார்.

"அம்மா எங்கள் இரண்டு பேருக்கும்தான் அந்தக் கதையைச் சொன்னார். உங்கள் கடிதம் வந்தபோது நான் மொரிசியஸுக்குத் தொலைபேசி எடுத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இது பாஷை தெரிந்த தமிழர், ஊர்த் தமிழர் எழுதினது, எங்களுக்கு என்ன தெரியும், அம்மா கதை கட்டியிருக்கிறார் என்றேன். அக்கா அழுதாள். அம்மா பொய் சொல்லமாட்டார் என்று கத்தினாள். ஒவ்வொரு வருடமும் நாங்கள் இரண்டு பேரும், அவள் அங்கேயும் நான் இங்கேயும், ஒரே நாளில் ஏழு பூ வைப்போம். நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசவில்லை. அவள் போய் நான்கு வருடம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சொல் அந்த அறையில் மிகவும் சின்னதாக இருந்தது.

அவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து எனக்கு முன்னால் இருந்தார். குழந்தைப்பிள்ளை கேட்கிற மாதிரி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

"ஏன் அப்படி எழுதினீர்கள்?"

இனிப் பொய் சொல்ல இடமில்லை. "உங்களில் ஒருத்தி என்று என்னை நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன்" என்றேன்.

அவர் ஆறிப்போன என் ரீக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நினைத்திருந்தால் உங்களுக்கு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடம் சனத்தின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் நான். நாலு நாளாக இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சொல்ல ஒரு பதிலும் இன்னும் அகப்படவில்லை.